துணைக்கு வந்தவர்

சின்னத்தம்பி டீ குடிக்கப் போன நேரம் பார்த்து மகளைக் கூப்பிட்டுவிட்டார்கள், அதனால்தான் மெட்ராஸில் கிடைத்த சீட்டு அந்தரத்தில் தொங்குகிறது என்ற சங்கதி செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் எஸ்டேட் லைன் வீடுகள் முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியது வேறு யாருமில்லை, அவர் சம்சாரம் சுகுணாதான். அவளுக்கு ஆத்திரம் ஆறவில்லை.

“ஊர்ல இல்லாத டீயி! ஒரு நாளைக்கு அந்த நாக்கைக் கட்டி வெக்கக் கூடாதா? புள்ள அஞ்சு வருசப் படிப்புக்குப் போயி நிக்குது, இவரு டீ கிளாசத் தூக்கிட்டு நின்னுருக்காரு!”

“ஏலக்காயெல்லாம் தட்டிப் போட்டுருந்தான் சுகுணா. நம்மூரு டீ கிட்ட நிக்காது,” என்றார் சின்னத்தம்பி. வாசற்படியில் உட்கார்ந்து, கிளை கழிக்கும் கத்தியைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“பேச்சைப் பாரு! ஏனுங்க, உங்களுக்கு வெக்கமே இல்லீங்களா?”

உள்ளே கட்டிலில் மேகலா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அப்பா மெட்ராஸில் டீயே குடிக்கவில்லை என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பிற்பகல் மூன்று மணி வரைக்கும் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்தப் பெரிய கட்டடத்தின் தாழ்வாரத்தில் நின்றிருந்தார். எழுந்து போய் அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் அம்மா அடுத்து ஒன்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல மேகலாவுக்கு வாய் இல்லை. அவள் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான்.

அது பெரிய அரசுப் பல்கலைக்கழகம். அங்கே ஜியாலஜியில் ஐந்து வருடப் படிப்பு. பாறையையும் மண்ணையும் பற்றிப் படிப்பதற்கென்று ஒரு படிப்பு இருப்பதே பதினொன்றாம் வகுப்பில்தான் மேகலாவுக்குத் தெரியவந்தது. ஏற்காட்டில் காவேரி பீக் பக்கம் வெட்டிக் கிடந்த செம்மண் மேட்டைக் காட்டி, இது பாக்சைட், இதுதான் உன் அம்மா சோறாக்குகிற அலுமினியக் குண்டான் என்று டீச்சர் சொன்னார். அன்றைக்குப் பிடித்த ஆசை. பன்னிரண்டாம் வகுப்பில் அறுநூற்றுக்கு ஐந்நூற்று அறுபத்திரண்டு. கடைவீதிக் கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பம் போட்டாள், கலந்தாய்வுக்குக் கூப்பிட்டார்கள், திங்கட்கிழமை காலையில் அப்பாவும் மகளும் போய் இறங்கினார்கள்.

ஹாலில் முந்நூறு பேராவது இருப்பார்கள். ஒரு அம்மா மைக்கில் பட்டியலை வாசித்தார். தகப்பன் பெயர் முதலில், பிள்ளை பெயர் பிறகு.

“சின்னத்தம்பி மேகலா.”

எஸ்டேட்டில் தினமும் காலை ஏழரைக்கு ஆபீஸ் முன்னால் பேர் கூப்பிடுவார்கள். ரைட்டர் ராஜ்குமார் நோட்டைப் பிரித்து வீட்டுக்காரன் பெயரை மட்டும் வாசிப்பார். வீட்டுக்காரன்தான் பெண்டாட்டி பிள்ளை எல்லோருக்கும் சேர்த்துக் குரல் கொடுக்க வேண்டும். ரைட்டர் காதில் விழாவிட்டால் வந்தவர்களும் வராதவர்கள்தான். அதனால் மெதுவாகச் சொல்கிற பழக்கம் அங்கே யாருக்குமே கிடையாது.

சின்னத்தம்பி தன் பெயர் காதில் விழுந்த கணத்தில் எழுந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டு அக்குளுக்குப் போனது, வலது கை மேலே போனது.

“இருக்கோமுங்க சாமீ!”

ஹால் ஒரு நொடி அடங்கி, பிறகு வெடித்துச் சிரித்தது. மைக்கில் வாசித்த அம்மாவே சிரித்துவிட்டார். கெட்ட எண்ணத்தோடு சிரித்த சிரிப்பல்ல அது, அப்படிச் சிரித்திருந்தால் கோபமாவது வந்திருக்கும். யாரோ ஒரு பையன் பின்னாலிருந்து, “சாமி இருக்கோம்!” என்று திருப்பிக் கத்தினான். அப்பாவும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தபடி உட்கார்ந்தார். எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை.

மேகலாவுக்குக் காது மடல் சுட்டது.

அதற்குப் பிறகு டோக்கனோடு தாழ்வாரத்தில் காத்திருந்தபோதுதான் பக்கத்தில் இருந்த பெண் பேச்சுக் கொடுத்தாள். பெயர் நந்தினி, சேலம், அதே ஜியாலஜி. நகத்தில் வெளிர் நீலச் சாயம், கையில் புத்தகம். பத்து நிமிடத்துக்குள், ஹாஸ்டலில் ஒரே ரூம் கேட்கலாமா என்றாள். அப்படி ஒரு தோழி தனக்கும் கிடைப்பாள் என்று மேகலா நினைத்துப் பார்த்ததே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போது நந்தினி சாதாரணமாகக் கேட்டாள்:

“அங்க ஒருத்தர் எந்திரிச்சுக் கத்தினாரே, அவரு உங்க அப்பாவா?”

“இல்ல,” என்றாள் மேகலா. அந்தச் சொல் எங்கேயோ தயாராக இருந்ததுபோல வந்தது. “எஸ்டேட்ல வேல செய்யறவரு. எனக்குத் துணைக்கு வந்தாரு.”

“ஓ! உங்களுக்கு எஸ்டேட்லாம் இருக்கா?”

மேகலா ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கைக்குட்டையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையை நிமிர்த்தியபோது இரண்டு முழம் தள்ளி, தூணோரம், டோக்கன் சீட்டோடு அப்பா நின்றிருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. முகத்தில் ஒன்றுமில்லை. ஒரு அடி முன்னால் வந்து சற்றுக் குனிந்து சொன்னார்:

“பாப்பா, நம்ம நம்பரு வரப்போவுதாட்ட இருக்குதுங்க. போலாங்களா?”

எஸ்டேட் முதலாளியின் மகள் லீவுக்கு வரும்போது அவர் பேசுகிற அதே குரல். அப்பா என்று இப்போதாவது சொல்லிவிடலாம். ஒரு சொல்தான். நந்தினி அவரைப் பார்த்து நட்பாகத் தலையசைத்தாள், அவரும் கும்பிட்டார். “பாப்பா நொம்பக் கெட்டிங்க. முதலாளிக்கு உசுரு,” என்றார். அதோடு அந்த ஒரு சொல்லும் போய்விட்டது.

உள்ளே மேசைக்கு முன்னால் அதிகாரி தாளைத் திருப்பிவிட்டு, “பெற்றோர் கையெழுத்து. யாரு வந்திருக்கா?” என்றார். அடுத்த நாற்காலியில் நந்தினியும் அவள் அம்மாவும். அப்பா கதவோரம் நின்றிருந்தார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

“யாரும் வரலீங்க சார்,” என்றாள் மேகலா.

“முதல்லயே சொல்ல மாட்டியாம்மா? வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள அப்பாவையோ அம்மாவையோ கூட்டிட்டு வா. இல்லேன்னா சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிரும்.”

அன்று முழுக்க அப்பா அவளை ‘ங்க’ போட்டே பேசினார். சுற்றிலும் அறிந்தவர் ஒருவரும் இல்லாத சாப்பாட்டுக் கடையில்கூட. மறுநாள் காலை சேலத்தில் ஏற்காடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், “ஜன்னலோரம் உக்காந்துக்க கண்ணு, வளைவுல தல சுத்தும்,” என்றார். வீட்டு வாசலில் சுகுணா, “கையெழுத்துப் போட்டாச்சுங்களா?” என்று கேட்டதும் அவர் டீக்கடையைக் கட்டி எழுப்பினார்.

புதன்கிழமை காலை பேர் கூப்பிடும்போது ரைட்டர் ராஜ்குமார் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, “சின்னத்தம்பி இருக்கியா, இல்ல டீக்குப் போயிட்டியா?” என்றார். கூட்டம் சிரித்தது. “இப்பத்தானுங்க வந்தேன், ரைட்டருக்கும் ஒண்ணு சொல்லிட்டு வந்திருக்கறனுங்க,” என்றார் சின்னத்தம்பி. இன்னும் பெரிய சிரிப்பு. குழாயடியில் நின்று மேகலா எல்லாவற்றையும் கேட்டாள். குடம் நிறைந்து வழிந்தது, அவள் அதை எடுக்கவில்லை.

அப்பா அன்று அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தார்.

“கண்ணு, அடிவாரத்துல அந்தக் காலேஜு இருக்குதல்ல. போன மாசம் ஒரு மேடம் ஊட்டுக்கே வந்து பேசிட்டுப் போனாங்களே. அதுவே போதுமாட்டத் தோணுது. அவிங்க பஸ்ஸு ஏற்காடு ரவுண்டானாவுக்கே வருது. சாயங்காலம் ஊட்டுக்கு வந்துரலாம்.”

“அங்க ஜியாலஜி இல்லீங்ப்பா.”

“கம்ப்யூட்டரு இருக்குதல்ல?”

“அம்மாளைக் கூட்டிட்டு வெள்ளிக்கிழமை...” அவள் முடிக்கவில்லை.

“அந்தப் புள்ளயும் அங்கதான படிக்கும்?” என்றார் அப்பா.

அவ்வளவுதான் கேட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எல்லாவற்றையும் அவர் யோசித்து வைத்திருந்தார். அந்த ஒரு பொய்யோடு ஒரே அறையில் ஐந்து வருடம். ஒவ்வொரு லீவுக்கும் எஸ்டேட்டைப் பற்றி நந்தினி கேட்பாள். பார்க்க வருகிறேன் என்பாள். அம்மா போனாலும் அம்மாவின் கைகளைப் பார்த்த யாரும் முதலாளியம்மா என்று நம்ப மாட்டார்கள். இதையெல்லாம் மேகலா நினைத்து முடிக்கும் முன்பே அவர் நினைத்து, அவளுக்குத் தப்பிக்க ஒரு வழியும் தேடி வைத்துவிட்டார். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருக்கிறதே என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

அன்று மத்தியானமே இருவரும் போய் இறங்கிய அடிவாரத்துக் கல்லூரி சின்னது. இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று, முன்னால் வேப்பமரம், அதற்குக் கீழே மூன்று மஞ்சள் பஸ்கள். வீட்டுக்கு வந்திருந்த அமுதவல்லி மேடமே வாசலுக்கு வந்து கூட்டிப் போனார். அவரது அறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு, “உட்காருங்கப்பா, மலையிலேருந்து வர்றீங்க,” என்றார்.

சின்னத்தம்பி உட்கார்ந்தார். முதலில் விளிம்பில் உட்கார்ந்தவர், தண்ணீர் வந்து குடித்த பிறகு முதுகைச் சாய்த்துக்கொண்டார். “எம்பொண்ணுங்க,” என்றார். மேடத்துக்குத் தெரிந்ததுதான், இருந்தும் சொன்னார். “ஐநூத்தி அறுவத்திரண்டுங்க. கணக்குல தொண்ணூத்தாறு. ட்யூசன் கியூசன் ஒண்ணுமில்லீங்க.” மேசையில் இருந்த விண்ணப்பத்தைத் தன் பக்கம் திருப்பி, தகப்பன் கையெழுத்து எங்கே என்று தானே கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டார். திங்கட்கிழமையிலிருந்து அவர் முகத்தில் இல்லாத ஏதோ ஒன்று திரும்பி வந்திருந்ததை மேகலா பார்த்தாள்.

அமுதவல்லி சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“மெட்ராஸ்ல இவளுக்கு சீட்டுக் கெடச்சிருக்குன்னு கேள்விப்பட்டேனே. அதை ஏம்ப்பா விடறீங்க? இப்படிக் கேக்கறது எங்க கரஸ்பாண்டன்ட் காதுல விழுந்தா என்னைத் திட்டுவாரு. ஆனா ஜியாலஜி இங்க கிடையாதே. ஒரிஜினலைக் கொடுத்துட்டா அப்புறம் மாறவும் முடியாது.”

“தூரமுங்க மேடம்,” என்றார் சின்னத்தம்பி. தயங்கவே இல்லை. “புள்ள எங்களை உட்டுட்டு இருக்க மாட்டேங்குது. அம்மா அப்பாவைப் பாக்காம ஒரு நாளு இருக்க மாட்டா. நாங்க போவச் சொன்னோமுங்க, அவதான் வேண்டாம்னுட்டா.”

அமுதவல்லி மேகலாவைக் கண்கொட்டாமல் பார்த்தார். அவர் முகம் கனிந்துவிட்டது. “மேனகா, இங்க கொஞ்சம் வாங்களேன்,” என்று அடுத்த அறை டீச்சரைக் கூப்பிட்டார். “இந்தப் பொண்ணைப் பாருங்க. அப்பா அம்மாவை விட்டுப் போக மனசில்லாம பெரிய யுனிவர்சிட்டி சீட்டையே வேணாம்னுட்டு வந்திருக்கா. நம்ம வீட்டுலயும் இருக்குதுங்களே, அப்பாவை ஸ்கூல் வாசலுக்கே வராதேங்குது!”

மேனகா டீச்சர் வந்து மேகலாவின் தலையைத் தடவினார். “கொடுத்து வெச்சவருங்க நீங்க,” என்றார் சின்னத்தம்பியிடம்.

“ஆமாங்க,” என்றார் அவர். நிஜமாகவே அப்படித்தான் என்பதுபோலச் சொன்னார்.

மேகலா எழுந்துவிட்டாள். எழுந்தது அவளுக்கே தெரியாது.

“அப்படியில்லீங்க மேடம். மெட்ராஸ்ல இவரை எங்கப்பா இல்லைன்னு சொல்லிட்டேன். எஸ்டேட்ல வேல செய்யற ஆளுன்னு சொன்னேன். திரும்ப அங்க போறதுக்கு மூஞ்சி இல்ல. அதனாலதான் இங்க வந்தேன்.”

மேனகா டீச்சர் கையை எடுத்துக்கொண்டார். வெளியே பஸ் ஒன்று பின்னால் எடுக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. சின்னத்தம்பி நாற்காலியிலிருந்து எழுந்து, துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, சுவரோரம் போய் நின்றார்.

“புள்ள ஏதோ ஒளறுதுங்க மேடம்,” என்றார் தரையைப் பார்த்து.

அமுதவல்லி சான்றிதழ்களை ஒவ்வொன்றாக அடுக்கி, பைலில் வைத்து, மேகலாவின் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்குல்ல,” என்று மட்டும் சொன்னார்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நின்றார்கள். ஒரு பஸ் வந்தது. அப்பா ஏறவில்லை, அவளும் ஏறவில்லை.

“அத எதுக்கு அங்க சொன்ன?” என்றார் கடைசியில். அவர் அவளிடம் குரல் உயர்த்தி அவள் கேட்டதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

“மனசு கேக்கலீங்ப்பா. பாசம் பாசம்னு அவிங்க...”

“உம்மனசுதான் கேக்கல. எம்மனச நீ கேட்டியா? நானு யாருக்கும் தெரியாம மூடி வெச்சிருந்தேன். லைன்ல அத்தன பேரும் டீ டீன்னு சிரிச்சாங்க, சிரிச்சுட்டுப் போறாங்கன்னு இருந்தேன். அந்தம்மா என்னை நாற்காலில உக்கார வெச்சாங்க கண்ணு. உனக்கு அப்பனா உக்காந்திருந்தேன். அங்கிருந்தும் எந்திரிக்க வெச்சுட்டே.”

மேகலா அழுதாள். அவர் தேற்றவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாக்னசைட் தோண்டிப் போட்ட வெள்ளை மேடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வெள்ளிக்கிழம அம்மாளைக் கூட்டிட்டுப் போ. சீட்ட வாங்கு. நானு வரல.”

“நீங்க வாங்கப்பா. அந்தச் சாருகிட்டயே சொல்லிடறேன்.”

“வரல சாமி.”

“கோவமாங்ப்பா?”

அவர் யோசித்துப் பார்த்தார். “கோவமில்ல. வெக்கமா இருக்குது,” என்றார். அடுத்த பஸ் வந்ததும் முன்னால் ஏறிப் போய், இரண்டு பேர் உட்காரும் இடமிருந்தும் ஓட்டுநருக்குப் பின்னால் தனி சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு மேகலா அதே மேசைக்கு முன்னால் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் அம்மா டீக்கடையைத் திட்டிக்கொண்டே வந்தாள். மேகலா ரயிலில் இரண்டு தடவை சொல்ல ஆரம்பித்து இரண்டு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டாள். ஹாலில் இன்று கூட்டமில்லை. அதிகாரி தாளைத் தேடி எடுத்தார்.

“அப்பா வரலியா?”

“போன தடவை வந்தாருங்க சார்.”

“யாரும் வரலைன்னுதான எழுதியிருக்கு?”

“வந்திருந்தாருங்க. அந்தக் கதவுகிட்டத்தான் நின்னுட்டு இருந்தாரு. அவருதான் எங்கப்பா. நான்தான் வரலைன்னு சொன்னேன்.”

அம்மா மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தாள். அதிகாரிக்கு எதுவும் நினைவில் இல்லை. அன்றைக்கு எத்தனை அப்பாக்கள் எத்தனை கதவுகளில் நின்றார்களோ. “சரிம்மா, அம்மா இங்க கையெழுத்துப் போடுங்க,” என்று பேனாவை நீட்டினார். சுகுணா பேனாவை வாங்கி, மகளிடமிருந்து கண்ணை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். முத்திரை விழுந்தது. சீட்டு மேகலாவுடையது.

வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்ததும் சுகுணா கேட்டாள். மேகலா எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றையும் விடாமல். அம்மா அடிப்பாள் என்று நினைத்தாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நாலு நாளா நானும் அந்த மனுசனை என்னென்ன பேசிப்புட்டேன்,” என்றாள். பிறகு போனை எடுத்து எண்ணை அழுத்தி, மகளின் மடியில் வைத்தாள்.

“நீயே சொல்லு.”

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கிளை கழிக்க ஏறிய மரத்திலிருந்து இறங்குகிறார்போல. எடுத்தபோது மூச்சு வாங்கியது.

“ஆச்சா?”

“ஆச்சுங்ப்பா.”

“ம்.” காற்றுச் சத்தம் கேட்டது. “சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?”

“இன்னும் இல்லீங்ப்பா.”

“அந்தப் புள்ள வந்திருந்துச்சா?”

“இல்லீங்ப்பா. திங்கக்கெழமதான் ஹாஸ்டலுக்கு வருவா.”

“அப்பச் சரி,” என்றார் அப்பா. அவர் குரலில் இருந்த நிம்மதி அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. அம்மாவை யாரும் பார்க்கவில்லை, மகள் சொன்ன பொய் இன்னும் உடையவில்லை என்ற நிம்மதி. அவர் இன்னும் அதைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

நந்தினியிடம் சொல்லிவிடுகிறேன் என்று சொல்ல மேகலா வாயெடுத்தாள். புதன்கிழமை அடிவாரத்துக் கல்லூரியில் சொன்னதும் நினைவுக்கு வந்தது, அவர் சுவரோரம் போய் நின்றதும் நினைவுக்கு வந்தது. வருகிற திங்கட்கிழமை ஹாஸ்டல் அறையில் நந்தினி பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, எஸ்டேட்டில் இப்போது மழையா என்று கேட்பாள். அப்போது தன் வாயில் எது வரும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. தெரியாத ஒன்றை அவரிடம் வாக்காகக் கொடுக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“ஏன் கண்ணு பேச மாட்டேங்கற?” என்றார் அப்பா.

“கேட்டுட்டுத்தான் இருக்கறேனுங்ப்பா,” என்றாள்.